பரணில் கிடந்த 'செட் மீ ஃப்ரீ'

போன மாதம் வீடு மாறினோம். மாதாப்பூரிலிருந்து மாதாப்பூருக்கே, இரண்டு தெரு தள்ளி. இதற்கு மாறாமலே இருந்திருக்கலாமே என்பீர்கள். வாடகை ஏறுகிற ஏற்றத்தில் வேறு வழியில்லை! மூட்டை கட்டும்போது பரணிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி இறங்கியது. உள்ளே நூற்றுக்கு மேல் ஒலிநாடாக்கள். 1999-இல் சைபர் டவர்ஸில் வேலை கிடைத்துச் சென்னையை விட்டு வந்தபோது கூடவே வந்தவை.

"பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா?" என்றாள் என் மனைவி.

"இருடி, ஒன்றே ஒன்று போட்டுப் பார்க்கிறேன்" என்று கையில் அகப்பட்டதை எடுத்தேன். நாடா தளர்ந்து போயிருந்தது. பல் சக்கரத்தில் பென்சிலைச் செருகிச் சுற்றி இறுக்கி, பழைய டேப் ரிக்கார்டரில் போட்டேன். கொஞ்ச நேரம் கரகரவென்றது. பிறகு தாளம் கிளம்பியது. பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்த என் மகளின் கால் தானாகவே ஆட ஆரம்பித்தது.

"யாருப்பா இது?"

"ஏ.ஆர். ரகுமான்" என்றேன், பெருமையாக.

"சரிப்பா, பாடறது யாரு?"

கேள்வி சுருக்கென்று தைத்தது. இந்த ஒலிநாடா ரகுமானுடையது அல்ல, பாடியவருடையது. அவர் மால்குடி சுபா. தொகுப்பின் பெயர் 'செட் மீ ஃப்ரீ'. 1991-இல் மேக்னாசவுண்ட் நிறுவனம் வெளியிட்ட ஆங்கிலப் பாட்டுகள். அவருடைய முதல் தொகுப்பும் இதுதான். மெட்டமைத்தவருக்கு அப்போது வயது 24. ரகுமான் என்ற பெயரை நாடு இன்னும் கேட்டிருக்கவில்லை. ஒலிப்பதிவுக்கூடங்களில் அவர் திலீப்தான். விளம்பரப் பாட்டுகளுக்கு இசையமைப்பவர், பெரிய இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசிப்பவர். நம் தெலுங்கு நண்பர்களுக்கு ஒரு செய்தி: ராஜ்-கோட்டி இரட்டையரிடமும் அவர் வாசித்திருக்கிறார். அமீர்பேட்டை டீக்கடையில் எண்பதுகளின் தெலுங்குப் பாட்டு ஒலித்தால், அதற்குள் அந்தப் பையனின் விரல்கள் இருக்கலாம்.

ஒலிநாடா வந்த சுவடு தெரியாமல் போயிற்று. காரணம் பாட்டில் இல்லை என்பதே என் கட்சி. அன்றைய சென்னையை நினைத்துப் பாருங்கள். ஒலிநாடாக் கடையில் முக்கால் பங்கு சினிமா, மிச்சம் பக்திப் பாட்டும் கர்நாடக சங்கீதமும். ஆங்கில அலமாரி ஒன்று உண்டு. ஆனால் அங்கே போகிறவர்கள் தேடியது மைக்கேல் ஜாக்சனையும் மடோனாவையும்தான். நம்மூர்ப் பெண் ஒருத்தி ஆங்கிலத்தில் ஆட்டப் பாட்டு பாடினால் அவளை எந்த அலமாரியில் வைப்பது? கடைக்காரருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஸ்டார் டிவி தொடங்கியதே அந்த 1991 ஆகஸ்டில்தான். சன் டிவி வந்தது 1993-இல். பாட்டைக் கண்ணுக்குக் காட்ட ஒரு திரை இல்லை. திரையில் வராத பாட்டை யார் கேட்பார்கள்?

இதே மேக்னாசவுண்டுதான் அடுத்த ஆண்டு பாபா சேகலின் 'தண்டா தண்டா பானி'யை வெளியிட்டது. 1995-இல் அலிஷா சினாயின் 'மேட் இன் இந்தியா' வந்து நாடே ஆடியது. அதற்குள் வீட்டுக்கு வீடு கேபிள் வந்துவிட்டிருந்தது, பாட்டும் இந்தியில் இருந்தது. சுபா நான்கு ஆண்டு முந்திப் பிறந்த பிள்ளையைப் பெற்றார் என்றுதான் சொல்லவேண்டும்.

சென்னையில் ஆங்கிலப் பாட்டுப் பாடிய பெண்கள் அவருக்கு முன்னும் உண்டு. மவுண்ட் ரோட்டில் 'நைன் ஜெம்ஸ்' என்ற இரவு விடுதியில், 1969-இல் புடவை கட்டிக்கொண்டு மேடையேறிய உஷா ஐயர்தான் பின்னாளில் உஷா உதுப். ஆனால் அவரைத் தூக்கிக் கொண்டாட கல்கத்தா வேண்டியிருந்தது. நம்மவர்களின் ரசனையைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். அந்த நாளில் நானும் இந்த ஒலிநாடாவைக் காசு கொடுத்து வாங்கவில்லை. நண்பனிடம் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காமல் விட்டது! அவன் இந்த இதழைப் படிக்கமாட்டான் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

1992-இல் 'ரோஜா' வந்தது. பிறகு நடந்தது ஊரறிந்த கதை. 'சிக்கு புக்கு ரயிலே', 'முக்காலா' என்று தமிழ்நாடே ஆட ஆரம்பித்தது. புகழ் பரவியபின் இந்தத் தொகுப்பும் மறுபடி கடைக்கு வந்தது. இப்போது இதைத் தேடிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் ரகுமான் ரசிகர்கள். பின்னால் வந்த தாளக்கட்டு இங்கே எப்படி இருக்கிறது, கீழே ஓடும் பேஸ் எப்படி நகர்கிறது என்று துருவிப் பார்க்கிறார்கள். அந்த ஆராய்ச்சி நல்லதுதான். வீட்டுக்காரியை வாசலில் நிறுத்திவிட்டு விருந்தாளிக்கு நாற்காலி போடுவது போல இருக்கிறது என்பதுதான் எனக்கு உறுத்தல்.

ஏனென்றால் என் மகளை ஆடவைத்தது அந்தக் குரல். கொஞ்சம் கனத்த, அடித்தொண்டையிலிருந்து வருகிற குரல். அந்நாள் சினிமாவில் கதாநாயகிக்குப் பாட மெல்லிய கீச்சுக்குரல்தான் வேண்டும். இப்படிப்பட்ட குரலுக்குக் கிடைத்தது விளம்பரமும் குத்துப்பாட்டும். இயந்திரத் தாளம் என்பது அச்சடித்தது போல ஓடும், ஈவு இரக்கம் கிடையாது. அதன்மேல் நின்று பாடுகிறவர் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ சொல்லை வைத்தால்தான் பாட்டுக்கு உயிர் வரும். சுபாவுக்கு அது கைவந்த கலை. பின்னால் 'வால்பாறை வட்டப்பாறை'யில் நாமெல்லாம் ரசித்தது இந்தக் குரலைத்தான். தமிழில் பாடியபோது அடையாளம் கண்டுகொண்டோம், ஆங்கிலத்தில் பாடியபோது கண்டுகொள்ளவில்லை.

எங்கள் பிள்ளைகள் இந்த ஊரில் வளர்ந்தவர்கள். வீட்டில் தமிழ், வாசலில் தெலுங்கு, அலுவலகத்தில் ஆங்கிலம். இது எந்த அலமாரிப் பாட்டு என்ற கேள்வியே என் மகளுக்கு எழவில்லை. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டாவது பக்கத்தையும் போடச் சொன்னாள்.

பெட்டி பழைய பேப்பர்காரரிடம் போகவில்லை. புது வீட்டில் பரண் கிடையாது. அதனால் கூடத்திலேயே, தொலைக்காட்சிக்குக் கீழே இருக்கிறது. அந்த ஒரு நாடாவின் முதுகில் நான் பல ஆண்டுகளுக்கு முன் பேனாவால் 'ரகுமான்' என்று எழுதி வைத்திருந்தேன். மகள் அதை அடித்துவிட்டு, பக்கத்தில் தமிழில் 'சுபா' என்று எழுதியிருக்கிறாள். 'பா' மட்டும் கொஞ்சம் தெலுங்குச் சாயலில் விழுந்திருக்கிறது.