மோதிரக் கல் எந்தக் குழியில் இருந்து வந்தது?

மலையகத்துக் கல்யாணத்தில் முதலிடம் தாலிக்குத்தான். ஆனாலும் பரிசம் போடும் அன்றைக்கே மாப்பிள்ளையும் பெண்ணும் மோதிரம் மாற்றிக்கொள்வது இப்போது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. கிறிஸ்தவக் குடும்பங்களில் அது முன்பிருந்தே உண்டு. கொழும்பிலும் வளைகுடாவிலும் வேலை செய்து சேர்த்த காசில் பிள்ளைகள் தாங்களே மோதிரம் எடுக்கிறார்கள். அதில் ஒரு நீலக்கல் இருந்தால் நல்லது என்று ஆசைப்படுகிறவர்களும் உண்டு. (சனி பார்க்காமல் நீலம் போடாதே என்று ஒரு பாட்டி கட்டாயம் சொல்வார். அந்தத் தகராறை ஜாதகக்காரரிடம் விட்டுவிடலாம்.)

அந்த மோதிரம் யாரையும் ஏய்க்காமல், யாருடைய தண்ணீரையும் கெடுக்காமல் வந்ததா என்று கேட்பது வெளிநாட்டுப் பணக்காரர்களின் கவலை போலத் தோன்றலாம். ஹட்டனில் இருந்து பொகவந்தலாவைக்குப் பஸ் ஏறினால் அப்படித் தோன்றாது.

இந்த மலையில் மாணிக்கக்கல் உண்டு என்பது பழைய செய்தி. 1848 முதல் நுவரெலியாவில் குடியிருந்த வெள்ளைக்காரரான சாமுவேல் பேக்கர், 1855இல் வெளியிட்ட நூலில், அங்கே பழங்காலத்தில் கல் தேடித் தோண்டிய குழிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்றைக்கு அதிகம் தோண்டப்படுவது பொகவந்தலாவைப் பக்கம். கெசல்கமுவ ஓயாவின் கரையிலும், தேயிலை மலைகளின் அடிவாரத்துச் சேற்று நிலத்திலும், 'இல்லம்' என்று சொல்லப்படும் சரளைப் படுகைக்குள் நீலக்கல் கிடக்கிறது. அனுமதிப்பத்திரத்தோடு தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள், இரவில் டோர்ச் வெளிச்சத்தில் தோண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். 'சட்டவிரோத மாணிக்கக்கல் அகழ்வு, சிலர் கைது' என்ற செய்தி பத்திரிகையில் வராத மாதம் குறைவு.

அனுமதியோடு தோண்டுவதற்கும் களவாகத் தோண்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். கடையில் கேட்கிற கேள்வி அதில் இருந்துதான் பிறக்கிறது.

இலங்கையில் கல் தோண்ட தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான சபை இது. அனுமதி எடுக்கிறவர் ஒரு வைப்புத்தொகை கட்டுகிறார். வேலை முடிந்ததும் குழியை மூடி நிலத்தைச் சரிசெய்தால்தான் அது திரும்பக் கிடைக்கும். பெக்கோ இயந்திரம் இறக்கவும் ஆற்றுப்படுக்கையில் கைவைக்கவும் சும்மா விடமாட்டார்கள். முறையான குழி என்பது பெரும்பாலும் கையால் வெட்டி, மரச்சட்டம் கொடுத்து, மண் சரியாமல் செடிகொடி அடைத்து இறக்குகிற கிணறு. அதில் வேலை செய்கிறவர்களுக்கு நாட்சம்பளத்தைவிடப் பங்குதான் முக்கியம். கல் விற்றால் காணிக்காரர், பணம் போட்டவர், தண்ணீர்ப் பம்பு கொடுத்தவர், வெட்டினவர்கள் என்று பிரிப்பார்கள். பங்கு நியாயமா என்பது குழிக்குக் குழி மாறும். ஆனாலும் பங்கு என்று ஒன்று இருக்கிறது, கேட்க ஒரு இடமும் இருக்கிறது.

களவாகத் தோண்டும் குழியில் இவை எதுவும் கிடையாது. தேயிலைச் செடியின் வேரை அறுத்துத் தோண்டிவிட்டு அப்படியே விட்டுப் போகிறார்கள். மழை பெய்ததும் குழி நிறைந்து நுளம்பு பெருகுகிறது, கரை சரிகிறது, ஓயா சிவப்பாக ஓடுகிறது. கெசல்கமுவ ஓயாவின் மண் காசல்ரீ நீர்த்தேக்கத்தில்தான் படியும். அந்த நீர்த்தேக்கம் கீழே உள்ள மின்நிலையங்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. அதே ஓயா மஸ்கெலியா ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிக் கொழும்பின் குழாய்க்குப் போகிறது. பொகவந்தலாவையில் தோண்டிய குழியின் சேறு எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள்.

பிடிபடுகிறவர்கள் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். மண்வெட்டி பிடித்தவர்கள்தான் பொலிஸ் ஜீப்பில் ஏறுகிறார்கள். காசு போட்டவரும் கல்லை வாங்கிச் சென்றவரும் பத்திரிகைப் படத்தில் இல்லை. தோட்டத்துப் பையன்கள் ஏன் அதற்குப் போகிறார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. தோட்டத்தில் நாளுக்கு 1,000 ரூபாய் சம்பளம் வேண்டும் என்று பல வருடம் கத்திய பிறகு 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. நிலமோ அரசாங்கத்துடையது, 1992 முதல் அதை நடத்துவது கம்பெனிகள். தலைமுறையாகக் கொழுந்து பறித்தவருக்குத் தன் லயத்துக்குப் பின்னால் உள்ள மண்ணில் உரிமை இல்லை. ஆகவே களவுக்கல் என்றதும் வெட்டினவனை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கல்லை மலிவாகக் கேட்கிற வாங்குபவரும் அந்தக் குழியில் பங்காளிதான்.

சரி, கடையில் என்ன கேட்பது?

முதலில் கல். 'சிலோன் நீலம்' என்று சொன்னதும் நம்பிவிட வேண்டாம். 1998இல் மடகஸ்காரின் இலக்காக்காவில் பெரிய நீலக்கல் வயல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, அங்கத்தைய கல் ஏராளமாக இலங்கைக்கு வந்து பட்டை தீட்டப்படுகிறது. அது கெட்ட கல் அல்ல, ஆனால் அதைச் சிலோன் என்று விற்பது பொய். விற்பவரிடம் இரத்தினக்கல் வியாபார அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, கல்லை எந்த ஊரில் யாரிடம் வாங்கினார் என்று கேளுங்கள். "அண்ணே, இது சூடு போட்ட கல்லா, போடாததா?" என்றும் கேளுங்கள். சூடு போடுவது குற்றமில்லை. கெவுடா என்கிற பால்நிறக் கல்லை மிக அதிக வெப்பத்தில் சுட்டால் நல்ல நீலமாகிறது. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் இதைத் தெரிந்துகொண்டு இங்கிருந்து கெவுடாவை அடிமாட்டு விலைக்கு அள்ளிப் போனார்கள். சுட்டதைச் சுடாதது என்று விற்பதுதான் ஏமாற்று.

ஆய்வுகூட அறிக்கை கேட்டால் கொடுப்பார்கள், கேட்க வேண்டியதும்தான். ஆனால் அது கல் இயற்கையா, செயற்கையா, சூடு போட்டதா என்று சொல்லும். குழிக்கு அனுமதி இருந்ததா, வெட்டினவருக்குப் பங்கு போனதா என்று சொல்லாது.

வைரம் என்றால் 'கிம்பர்லி' என்ற பெயரைக் கேள்விப்படுவீர்கள். 2003இல் தொடங்கிய ஏற்பாடு, இலங்கையும் அதில் உறுப்பு நாடு. கிளர்ச்சிப் படைகள் போருக்குக் காசு சேர்க்க விற்கும் பட்டை தீட்டாத வைரத்தைத் தடுப்பதுதான் அதன் வேலை. சுரங்கக் கூலி, பிள்ளைகளின் உழைப்பு, அரசாங்கப் படையே செய்த கொடுமை ஆகியவை அதன் கணக்கில் வராது. தோட்டத்து ஆட்களுக்கு இது எளிதில் விளங்கும். சான்றிதழ்ப் பலகை தோட்டத்து வாசலில் நிற்கும், தணிக்கைக்காரர் வருகிற வாரத்தில் பீலிக்கரை சுத்தமாகும் என்று சொல்லிச் சிரிக்கிறவர்கள் நம்மிடம் உண்டு. பலகை பயனற்றது என்பதல்ல. எதைப் பார்த்துக் கொடுத்தார்களோ அதற்கு மட்டும்தான் அது சாட்சி.

அடுத்தது தங்கம். இலங்கையில் விற்கிற தங்கம் ஏறக்குறைய முழுவதும் வெளியில் இருந்து வருவது. உலகத்தில் சிறு அளவில் தங்கம் எடுக்கிற இடங்களில் பாதரசம் கலந்து பிரிக்கிறார்கள். மனிதர் காற்றில் கலக்கும் பாதரசத்துக்கு அதுதான் மிகப் பெரிய காரணம். 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை அதைக் குறைக்கத்தான் முயல்கிறது. 916 முத்திரை 22 கரட் தூய்மையைச் சொல்கிறது, தங்கம் எங்கே எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லாது. நியாய வணிகத் தங்கம் என்று 2011 முதல் பிரித்தானியாவில் விற்கிறார்கள், ஹட்டன் கடைத்தெருவில் கேட்டால் கிடைக்கிற சாமான் அல்ல அது.

நம்மிடம் இருப்பது பழைய நகை. அம்மம்மாவின் நெளிந்த காப்பு, ஒற்றைத் தோடு, அடகில் இருந்து மீட்ட அறுந்த சங்கிலி. அதை உருக்கி மோதிரம் செய்தால் புதிதாக ஒரு குழியும் தோண்ட வேண்டியதில்லை. என் கணக்கில் இதுதான் முதல் தெரிவு, செலவும் குறைவு. கண் முன்னால் நிறுத்து, கண் முன்னால் உருக்கச் சொல்லுங்கள். பொடி கழிவு எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று முன்னரே பேசிக்கொள்ளுங்கள். பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்கிற கடையில் உங்கள் தங்கம் உங்களுக்குத் திரும்பி வராது, விலைதான் கழியும். கல் பதிப்பதென்றால் 18 கரட் நல்லது. 22 கரட் மென்மையானது, பிடி தேய்ந்து கல் விழும்.

ஆய்வுகூடத்தில் செய்த கல்லையும் ஒதுக்க வேண்டியதில்லை. செயற்கை நீலக்கல் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது, மிக மலிவு. சூரத்தில் செய்யும் வைரமும் வந்துவிட்டது. அதற்கு மின்சாரம் நிறையச் செலவாகும், அது நிலக்கரியில் இருந்து வந்ததா என்பது தனிக் கேள்வி. ஆனால் அதற்காக யாரும் ஓயாக்கரையில் குழி வெட்டவில்லை.

எதை வாங்கினாலும் பற்றுச்சீட்டில் கல்லின் பெயர், எடை, சூடு போட்டதா இல்லையா, இயற்கையா செயற்கையா, எந்த நாட்டுக் கல், தங்கத்தின் கரட், வியாபாரியின் அனுமதிப்பத்திர எண் எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சத்தியம் செய்கிற சிலர் இதை எழுதக் கேட்டால் பேனா தேடுவார்கள். அப்படியானால் அடுத்த கடைக்குப் போங்கள்.