ஒரு பல்லுக்கு 2.7 கிலோ

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ரோடு பைக்கில் முன்னால் 50 பல், பின்னால் 19 பல் போட்டு மிதித்தால் ஒரு சுற்றுக்கு ஐந்தரை மீட்டர் போகும். சுமார் 2,530 சுற்றில் மலையைச் சுற்றி வந்துவிடலாம். இந்தப் பாதையை நம்பி கியருக்குச் செலவு செய்கிறவர் காசைக் கரியாக்குகிறார் என்றே சொல்வேன். செலவுக்கு நியாயம் பிறப்பது வடமேற்கே, போளூர் தாண்டி ஜவ்வாது மலை ஏறும்போதுதான். அதுவும் கேரியரின் இரண்டு பக்கமும் பை தொங்கும்போது.

ஏறும் உயரத்தை முதலில் பார்ப்போம். திருவண்ணாமலை நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 170 மீட்டர். ஜவ்வாது மலையில் வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கும் காவலூர் 725 மீட்டர். 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இருப்பது அங்கேதான். வித்தியாசம் 555 மீட்டர். வழியில் இறங்கி ஏறுவது தனி. இந்த 555 மீட்டரை நூற்றுக்கு ஏழு என்ற ஒரே சரிவில் அடுக்கினால் 7.9 கிலோமீட்டர் ஏற்றம் வரும்.

அடுத்தது எடை. ஓட்டுகிறவர் 65 கிலோ, வண்டி 11 கிலோ, ஆக 76. மூட்டையைப் பிரித்துத் தராசில் வைத்தால் கேரியரும் இரண்டு பையும் 3, கூடாரம் 2.5, துணியும் போர்வையும் 4, ஸ்பானர், டியூப், பம்பு 2, அடுப்பும் சாப்பாட்டுச் சாமானும் 3.5, தண்ணீர் 5. மொத்தம் 20 கிலோ. ஆக மேலே ஏற வேண்டியது 96 கிலோ.

இப்போது கடைகளில் கிடைக்கும் 8 கியர் ரோடு பைக்குகள் பலவற்றில் முன்னால் 50, 34 என்று இரண்டு செயின் வீல். பின் அடுக்கு, அதாவது கேசட், 11-இல் தொடங்கி 28 பல் வரை. ஆக லேசான கியர் 34-க்கு 28. சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் என்று கொண்டால் மிதி ஒரு சுற்றுக்கு வண்டி 2.55 மீட்டர் போகும். கால் தொடர்ந்து 120 வாட் தரும் என்றும் வைத்துக்கொள்வோம். மூட்டை இல்லாமல் அந்த ஏற்றத்தில் நிமிடத்துக்கு 50 சுற்று மிதிக்கலாம். 20 கிலோ ஏறியதும் அது 39-ஆக விழும். மிதியின் மேல் சராசரி அழுத்தம் 17.4 கிலோ. மிதி ஒரே சீராக அழுந்துவதில்லை. கால் நேர் கீழே இறங்கும் நொடியில் இது ஏறத்தாழ இரட்டிப்பாகும். இந்த 39-தான் முட்டியைத் தின்னும் எண்.

ஆளில்லாத ரோட்டில் ஒருவர் ஒற்றைக் கியர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து, தெம்பு போதவில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. முன்னால் 44, பின்னால் 18 பல் போட்ட சாதாரண வண்டிக்கு இதே எடை, இதே ஏற்றத்தில் கணக்குப் போட்டால் சராசரி அழுத்தமே 35 கிலோ வருகிறது. உச்சத்தில் 70. ஓட்டுகிறவரின் எடையோ 65. மிதியில் எழுந்து நின்றாலும் வண்டி நகர மறுக்கும். அவர் இறங்கித் தள்ளுவது சரியான இயந்திரவியல். (கியரே சோம்பேறித்தனம் என்று நினைத்த காலமும் இருந்தது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் செயினை நகர்த்தும் டீரெய்லரை 1937-இல்தான் அனுமதித்தார்கள்.)

சரி, எத்தனை பல் வேண்டும்? 76 கிலோவுக்கு 28 பல் பொருந்தியது. அதே கால் அழுத்தம், அதே 50 சுற்று 96 கிலோவுக்கும் வேண்டுமென்றால் 28-ஐ 96-ஆல் பெருக்கி 76-ஆல் வகுக்க வேண்டும். விடை 35.4, அதாவது 36 பல். திருப்பிச் சொன்னால், ஏற்றும் ஒவ்வொரு 2.7 கிலோவும் பின்னால் ஒரு பல் கேட்கிறது.

36 பல் போட்டால் உழைப்பு குறையும் என்று நம்ப வேண்டாம். 555 மீட்டர் ஏற்ற வேலை 523 கிலோஜூல். எந்தக் கியரிலும் இதில் ஒரு ஜூல்கூடக் குறையாது. உடலின் திறனைச் சேர்த்தால் சுமார் 520 கலோரி சாப்பாடு, உத்தேசமாகப் பத்து இட்லி. நேரமும் அதே 79 நிமிடம்தான், வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர். மாறுவது சுற்றுகளின் எண்ணிக்கை: 3,100 சுற்று 4,000 ஆகிறது, ஒவ்வொன்றின் அழுத்தமும் 17.4-இலிருந்து 13.5 கிலோவாக இறங்குகிறது. இதைவிட லேசாக்கிக்கொண்டே போவதற்கும் எல்லை உண்டு. முன்னால் 22, பின்னால் 36 போட்டால் நிமிடத்துக்கு 60 சுற்றில் வேகம் 4.6 கிலோமீட்டர். அது நடை வேகம். வண்டி ஆடத் தொடங்கும்.

இனி கணக்குப் புத்தகம். விலைகள் உத்தேசம், கடைக்குக் கடை மாறும்.

8 கியரிலேயே 11-34 கேசட்: 1,800 ரூபாய். 116 கண்ணிச் செயின்: 1,000. நீளக் கை டீரெய்லர்: 3,000. கேபிளும் கூலியும்: 700. மொத்தம் 6,500.

11-36 வேண்டுமென்று 9 கியருக்குப் போனால் கேசட் 2,200, செயின் 1,400, டீரெய்லர் 3,000, கேபிளும் கூலியும் 900. இவற்றோடு ஹேண்டில்பாரில் இருக்கும் பிரேக்-கியர் கைப்பிடி ஜோடியையும் மாற்றியாக வேண்டும்; அது மட்டும் 12,000. மொத்தம் 19,500.

செயினை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பார்கள். பின் அச்சுக்கும் மிதி அச்சுக்கும் 42 சென்டிமீட்டர் இருக்கும் வண்டியில் 28 பல்லுக்கு 108 கண்ணி போதும்; 36 பல்லுக்கு 112 வேண்டும். பழைய செயினில் பெரிய பல்லோடு பெரிய பல் விழுந்தால் டீரெய்லர் பிய்ந்துவிடும். டீரெய்லருக்கு நீளக் கை கேட்பதற்கும் கணக்கு உண்டு: பெரியதற்கும் சிறியதற்கும் வித்தியாசம் முன்னால் 16, பின்னால் 25, ஆக 41 பல் அளவுக்குத் தொய்வை அது இழுத்துப் பிடிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12-இலிருந்து 5 விழுக்காடாக இறங்கியதில், வரிக்கு முன் 3,000 ரூபாயுள்ள சாமானில் 210 ரூபாய் மிச்சம்.

மலிவான 11-34 அடுக்கில் ஒரு குறையும் உண்டு. ஷிமானோவின் 8 கியர் அடுக்கில் பல் வரிசை 11, 13, 15, 17, 20, 23, 26, அடுத்து ஒரே தாவலில் 34. கடைசிப் படியில் 31 விழுக்காடு இடைவெளி. ஏற்றத்தில் அதை மாற்றும்போது கால் காற்றில் சுழல்வது போலிருக்கும். 9 கியரில் 26-க்கும் 36-க்கும் நடுவே ஒரு 30 இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

ஆனாலும் வித்தியாசம் 13,000 ரூபாய். கூடுதலாகக் கிடைப்பது இரண்டு பல். 34 பல் எவ்வளவு மூட்டையைத் தாங்கும் என்று பார்த்தால் 16.3 கிலோ. அதாவது 3.7 கிலோவை இறக்கினால் 9 கியருக்கே போக வேண்டாம். ஐந்து லிட்டர் தண்ணீரை ஊரிலிருந்தே சுமப்பதற்குப் பதில் இரண்டு லிட்டரோடு கிளம்பிப் போளூரிலும் மலைமேல் ஜமுனாமரத்தூரிலும் நிரப்பிக்கொண்டால் 3 கிலோ அங்கேயே போயிற்று. மீதி 700 கிராம் துணிப் பையில் கட்டாயம் இருக்கும்.

என் தீர்ப்பு 6,500 ரூபாய்க் கணக்குக்குத்தான். மூட்டையைக் கட்டித் தராசில் வைத்து, எண் 16-க்கு மேல் போனால் மட்டும் 19,500-ஐப் பற்றி யோசியுங்கள்.