கவுன்சிலரின் நிலம் எந்தப் பக்கம்?

மெர்கோங் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு வயலில் நாளைக்கு நூறு வீடு கட்ட ஒருவர் திட்டம் போட்டால், அனுமதி கேட்டு அவர் அலோர் ஸ்டார் மாநகர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும். அந்த அனுமதியை முடிவு செய்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் யாருக்காவது பக்கத்து வயல் சொந்தமா? மனைவி பெயரில் இருக்கிறதா? மச்சான் கம்பெனியின் பெயரில்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதிப்பீட்டு வரி கட்டுகிற ஒருவர் இதைக் கேட்டால் தப்பில்லை. கேட்டுப் பார்க்கத்தான் இடமில்லை. ஊராட்சி மன்ற உறுப்பினரின் சொத்து விவரத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வை என்று சொல்லும் சட்டம் மலேசியாவில் கிடையாது.

இந்த உறுப்பினர்களை நாம் ஓட்டுப் போட்டு அனுப்புவதும் இல்லை. ஒரு காலத்தில் அனுப்பினோம். 1957-இல் ஜார்ஜ்டவுனின் முதல் மேயரான டி.எஸ்.ராமநாதன் மக்கள் ஓட்டு வாங்கி மன்றத்துக்குள் நுழைந்தவர். 1965 மார்ச் முதல் தேதி, இந்தோனேசியாவுடன் இருந்த மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்களை நிறுத்திவைத்தார் துங்கு அப்துல் ரஹ்மான். அவர் பிறந்த ஊர் இதே அலோர் ஸ்டார். அமைதி திரும்பியதும் தேர்தல் திரும்பும் என்று நாடாளுமன்றத்தில் உறுதியும் சொன்னார். மோதல் அடுத்த ஆண்டே முடிந்தது, தேர்தல் வரவில்லை. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் ஊர் ஊராக விசாரித்து, தேர்தல்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் அதை ஏற்காமல், தேர்தலுக்கு மூடுவிழா நடத்தியது.

அந்தச் சட்டத்தின்படி ஒரு மன்றத்தில் 8 முதல் 24 உறுப்பினர்கள் இருக்கலாம். மாநில அரசு நியமிக்கும். ஒரு நியமனத்தின் தவணை மூன்று ஆண்டுக்கு மேல் போகாது. யாரை நியமிக்கலாம் என்று சட்டம் சொல்வதுதான் கவனிக்க வேண்டியது. ஊராட்சி அனுபவம் உள்ளவர்கள், தங்கள் சமூகத்தின் நலனைப் பேசக்கூடியவர்கள், இவர்களோடு வணிகத்திலும் தொழிலிலும் பெயர் எடுத்தவர்களையும் அது அழைக்கிறது. அழைப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நிலமும் குத்தகையும் கையில் வைத்திருப்பவர்களை, நிலத்தைப் பற்றியும் குத்தகையைப் பற்றியும் முடிவெடுக்க உட்கார வைக்கிறோம் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. அப்படியானால் அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வழியையும் சேர்த்தே கொடுத்திருக்க வேண்டாமா? நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினர் என்றால் அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம். நியமன உறுப்பினரிடம் அந்தப் பிடியும் நமக்கு இல்லை.

மேலே இருப்பவர்கள் விஷயத்தில் ஒரு முயற்சி நடந்தது. அலோர் ஸ்டாரின் இன்னொரு மைந்தர் மகாதீர் இரண்டாம் முறை பிரதமராக இருந்தபோது, 2019 ஜூலை 1-ஆம் தேதி எல்லா நாடாளுமன்ற உறுப்பினர்களும் சொத்தை அறிவிக்க வேண்டும் என்று மக்களவை தீர்மானம் போட்டது. ஊழல் தடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பெயர்களும் தொகைகளும் வந்தன. மகாதீருக்கு 32 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் என்று படித்துவிட்டு நாமும் காப்பிக்கடையில் நாலு நாள் பேசினோம். பேசி என்ன பயன்? மொத்தச் சொத்து இவ்வளவு, மாத வருமானம் இவ்வளவு என்பதோடு அந்தப் பட்டியல் நின்றுவிட்டது. ஒருவர் பணக்காரரா என்று தெரிகிறது. எந்த முடிவில் அவருக்கு ஆதாயம் என்று தெரிவதில்லை. ஊழலைப் பிடிக்க உதவுவது இரண்டாவதுதான்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கேள்வியே வேறு மாதிரி. வாட்டர்கேட் ஊழலின் சூட்டில் 1974-இல் மக்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டம் ஒன்று அங்கே உண்டு. நகர மன்ற உறுப்பினர் ஆண்டுதோறும் '700-ஆம் எண் படிவம்' என்ற ஒன்றை நிரப்ப வேண்டும். தான் குடியிருக்கும் வீட்டை அதில் எழுத வேண்டியதில்லை. ஆனால் அந்த நகர எல்லைக்குள்ளோ எல்லையிலிருந்து இரண்டு மைலுக்குள்ளோ 2,000 டாலர் பெறும் வேறு நிலம் இருந்தால், இடத்தோடு எழுத வேண்டும். ஒரே ஆளிடமிருந்து ஓராண்டில் 50 டாலர் அளவுக்குப் பரிசு வாங்கியிருந்தால், கொடுத்தவர் பெயரோடு எழுத வேண்டும். துல்லியமான மதிப்பு தேவையில்லை; பத்தாயிரத்துக்குள், லட்சத்துக்குள், பத்து லட்சத்துக்குள் என்று கட்டத்தில் குறியிட்டால் போதும். எவ்வளவு என்பதை மங்கலாக விட்டு, எங்கே, யாரிடம் என்பதைக் கறாராகக் கேட்கிற படிவம் அது.

அதைவிட எனக்குப் பிடித்தது, பார்க்க வருகிறவரை அந்தச் சட்டம் நடத்துகிற விதம். படிவம் கைக்கு வந்த இரண்டாவது வேலை நாளுக்குள் அலுவலகம் அதைக் காட்டியாக வேண்டும். வந்தவரிடம் பெயர் கேட்கக்கூடாது, அடையாள அட்டை கேட்கக்கூடாது, எதற்கு என்று கேட்கக்கூடாது. நகல் பக்கத்துக்குப் பத்து சென்டுக்கு மேல் வாங்கக்கூடாது. நம்மூர் கவுண்டரில் ஐசி எண்ணை எழுதிவிட்டு, யாருக்காகக் கேட்கிறீர்கள் என்று நிமிர்ந்து பார்க்கும் பார்வையை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பாதிப்பேர் அந்தப் பார்வையிலேயே திரும்பிவிடுவார்கள்.

பார்க்கலாம், ஆனால் பார்த்ததைச் சொல்லக்கூடாது என்ற விசித்திரமும் உலகில் இருந்தது. இலங்கையின் 1975-ஆம் ஆண்டுச் சொத்து அறிவிப்புச் சட்டத்தின்கீழ், கட்டணம் கட்டி எவரும் ஓர் அரசியல்வாதியின் அறிவிப்பைக் கேட்டு வாங்கலாம். அதில் இருப்பதை வெளியே சொன்னால் குற்றம். பல பத்தாண்டுகள் கழித்து, 2023-ஆம் ஆண்டு ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்த பிறகுதான், சொந்த விவரங்களை மறைத்துவிட்டு அறிவிப்புகளை ஊழல் விசாரணை ஆணைக்குழுவே இணையதளத்தில் போடும் ஏற்பாடு வந்தது.

தமிழ்நாட்டில் வார்டு கவுன்சிலர் வேட்பாளர் வேட்புமனுவோடு சொத்து, கடன், வழக்கு விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தருகிறார். 2002-இலும் 2003-இலும் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புகளின் வழியாக வந்த உரிமை அது. ஆனால் அது மனு தாக்கல் செய்த நாளின் நிலவரம். பதவிக்கு வந்தபின் வாங்கிய நிலம் அந்தத் தாளில் இருக்காது.

சிறிய ஊரில் இதெல்லாம் ஆபத்து, கொள்ளைக்காரனுக்கு முகவரி கொடுப்பதாகிவிடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அலட்சியமாகத் தள்ளக்கூடிய பேச்சு அல்ல இது. இங்கிலாந்தில் 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சிலரும் அவர் துணையும் வைத்திருக்கும் நிலம், வேலை, குத்தகை எல்லாம் மன்றத்தின் இணையதளத்தில் ஏறுகின்றன. வன்முறை மிரட்டலுக்கு வாய்ப்பு உண்டென்றால் அந்த ஒரு விவரத்தை மட்டும் மறைக்கலாம். முழுப் பதிவேட்டையும் பூட்ட அது காரணமாவதில்லை.

சரி, மெர்கோங்கில் இருப்பவர் இன்றைக்கு என்ன செய்யலாம்? 1976-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே சில கதவுகள் உண்டு. மன்றத்தின் முழுக் கூட்டம், மன்றம் வேறு முடிவு எடுத்தால் ஒழிய, பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தது. அதன் கூட்டக் குறிப்பை வரி கட்டுகிற எவரும் பார்க்கலாம், கட்டணம் கட்டி நகலும் எடுக்கலாம். தனக்கு ஆதாயம் உள்ள விஷயம் வந்தால் உறுப்பினர் அதைச் சொல்லிவிட்டு விலகியிருக்க வேண்டும். லாட் விவரம் தெரிந்தால் நில அலுவலகத்தில் தேடல் போட்டு உரிமையாளர் பெயரை எடுக்கலாம். அது கம்பெனி என்றால், நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் இயக்குநர்களின் பெயரை வாங்கலாம். ஆனால் வேலையெல்லாம் நடப்பது குழுக்களில். குழுக் கூட்டம் பொதுவாக மூடிய அறை. நிலத்திலிருந்து ஆளைத் தேடிப் போகலாமே தவிர, ஆளிலிருந்து நிலத்தைத் தேடிப் போக வழியில்லை. மூடா ஆற்றைத் தாண்டினால் பினாங்கில் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது, சிலாங்கூரிலும் இருக்கிறது. அலோர் ஸ்டார் இருக்கும் கெடாவில் இல்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. உறுப்பினருக்கு நியமனக் கடிதம் கொடுப்பது மாநில அரசு. மாநகர் எல்லைக்குள் உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும் உள்ள நிலம், கம்பெனிப் பங்கு, மன்றத்தோடு உள்ள குத்தகை ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள், அது மன்றத்தின் இணையதளத்தில் போடப்படும் என்ற நிபந்தனையை அடுத்த நியமனக் கடிதத்தில் சேர்க்க மந்திரி பெசாருக்குச் சட்டமன்றக் கூட்டம் தேவையில்லை. பிடிக்காதவர் பதவியை மறுத்துவிடலாம். யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை.