அமைதியான பிள்ளை எப்போதும் நல்ல பிள்ளையா?

"எங்கட பிள்ளையால ஒரு கரைச்சலும் இல்லை, எந்த நேரமும் நித்திரைதான்" என்று பெருமையோடு சொல்லும் பெற்றோரை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். பெரும்பாலும் அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் பச்சைக் குழந்தையின் மூளையும் நரம்புகளும் எப்படி வேலை செய்கின்றன என்பதை அதன் நடத்தையே நமக்குக் காட்டுகிறது.

அமெரிக்கக் குழந்தை வைத்தியர் பெரி பிரேசல்டன் 1973இல் வெளியிட்ட மதிப்பீட்டு முறை இதை அடிப்படையாகக் கொண்டது. குரல் வரும் பக்கம் திரும்புகிறதா, அழும்போது ஆற்றினால் ஆறுகிறதா, நித்திரையில் திரும்பத் திரும்பக் கேட்கும் சத்தத்துக்குப் பழகிக்கொள்கிறதா என்றெல்லாம் அதில் பார்ப்பார்கள்.

வீட்டில் நாம் கவனிக்கக் கூடியவை:

* பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்தில் உள்ள முகம் நன்றாகத் தெரியும். பால் கொடுக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரம் அது.
* திடுக்கிடும்போது இரண்டு கைகளும் ஒரே மாதிரி விரிய வேண்டும். ஒரு கை மட்டும் அசைந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். இந்தத் திடுக்கிடல் ஆறு மாதமளவில் மறைந்துவிடும்.
* இரண்டு மாதமளவில் உங்களைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும்.
* மூன்று மாதத்துக்குப் பின்னும் கைகளை எந்நேரமும் இறுகப் பொத்தி வைத்திருந்தாலோ, நான்கு மாதமாகியும் தலை நிற்காவிட்டாலோ காட்டுவது நல்லது.
* பெரிய சத்தத்துக்கும் அசையாவிட்டால், பிறந்தவுடன் செய்த செவிப் பரிசோதனையில் சித்தியடைந்திருந்தாலும் மீண்டும் பரிசோதிக்கக் கேளுங்கள்.

பாலுக்கு எழும்பாமல், எழுப்பினாலும் துவண்டு கிடந்தால் காத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மற்றபடி, ஓர் அறிகுறியை மட்டும் வைத்து நோய் என்று முடிவுகட்ட முடியாது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, பிறந்திருக்க வேண்டிய திகதியிலிருந்தே மாதங்களைக் கணக்கிட வேண்டும்.

சந்தேகம் வந்ததும் நம்மில் பலர் ஊருக்குத்தான் தொலைபேசி எடுக்கிறோம். "நீயும் சுணங்கித்தான் எல்லாம் செய்தனீ" என்று அம்மம்மா ஆறுதல் சொல்வார். அந்த ஆறுதலில் மாதங்கள் போய்விடக் கூடாது. கேட்டல் குறைபாட்டை மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் உதவியைத் தொடங்கினால் பேச்சு நன்றாக வளரும் வாய்ப்பு அதிகம். கைகால் அசைவில் உள்ள குறைகளுக்கும் நேரத்தோடு தொடங்கும் பயிற்சியே சிறந்தது.

ஆகவே, அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது உங்கள் மனதில் உள்ளதை வைத்தியரிடமோ தாதியிடமோ தயங்காமல் சொல்லுங்கள். மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். பிள்ளையை நாள் முழுதும் பார்ப்பவர் நீங்கள்தான்.