கதவு சாத்தாத நகரம்

முத்து வாசல், பொன் வீதி. கிறிஸ்தவர்களின் பரலோகம் என்றதும் மனதில் எழும் இந்தக் காட்சிகள் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் வருபவை. பத்மு தீவில் இருந்த யோவான் கண்ட தரிசனம் அது. ரோமாபுரியின் கெடுபிடிக்கு அஞ்சி வாழ்ந்த சிறு சபைகளுக்காக எழுதப்பட்டது.

அவர் கண்ட புதிய எருசலேமின் நீளம், அகலம், உயரம் மூன்றும் 12,000 ஸ்தாதி. சுமார் 2,200 கி.மீ. சென்னையிலிருந்து தில்லிக்கு ரயிலில் போகும் தூரம். நம்ப முடியாத கணக்கு. ஆனால் சொல்ல வந்தது அளவை அல்ல, வடிவத்தை. சாலொமோன் கட்டிய ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலமும் இதேபோல் கனசதுரம்தான். அந்த இடத்துக்குள் பிரதான ஆசாரியர் மட்டுமே, ஆண்டில் ஒரு நாள் மட்டுமே நுழையலாம். தரிசனத்திலோ நகரம் முழுவதுமே அந்த அறை. எனவே தனியாக ஆலயம் தேவையில்லை. 12 வாசல்களும் அடைக்கப்படுவதில்லை. ஆதியாகமத்தில் மனிதனுக்கு மறுக்கப்பட்ட ஜீவவிருட்சம் இங்கே மாதந்தோறும் கனி தருகிறது.

கி.பி. 313க்கு முன், சட்டப் பாதுகாப்பு இல்லாத காலத்தில், ரோமின் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில் கிறிஸ்தவர்கள் நங்கூரம் வரைந்தார்கள். எபிரெயர் நிருபத்தில் நம்பிக்கைக்குச் சொல்லப்படும் உவமை அது.

இன்றும் அடக்க ஆராதனைகளில் யோவானின் இந்த அதிகாரத்தை வாசிப்பதுண்டு. துக்க வீட்டாருக்கு அப்போது பொன்னும் முத்தும் பெரிதல்ல. கடவுளே கண்ணீரைத் துடைப்பார், இனி மரணம் இல்லை என்ற வாக்குறுதிதான் பெரிது.