பட்டியலில் இல்லாத வேகம்

கண்டனூரில் ஒரு கல்யாண வரவேற்பு. பாட்டுக்குத் தக்கபடி மேடை விளக்கு நீலத்திலிருந்து பொன்னிறத்துக்கு மாறுகிறது. இத்தகைய விளக்குகளைப் பெரும்பாலும் ஆட்டிவைப்பது டிஎம்எக்ஸ்512 என்ற முறை. 1986-இல் அமெரிக்க நாடக அரங்குகளுக்காக வகுக்கப்பட்டது. ஒரே கேபிளில் 512 எண்கள் வரிசையாக ஓடும். ஒவ்வொரு விளக்கும் தன் பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளும். வேகம் நொடிக்கு 250000 பிட். அதாவது ஒரு பிட்டுக்கு 4 மைக்ரோ நொடி.

எனக்கு வியப்பு என்னவென்றால், அந்தக் கேபிளில் நேரம் சொல்லத் தனிக் கம்பியே கிடையாது. தாளம் போட ஆளில்லாத கச்சேரியில் இருவர் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே சேர்ந்து பாடுவதுபோல, அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் தத்தம் கடிகாரத்தை நம்பி எண்ணுகின்றன. ஒவ்வொரு எண்ணும் ஒரு தொடக்க பிட்டோடு வரும்; அதைக் கண்டதும் வாங்கும் கருவி எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்குகிறது. அதனால் சிறு பிசகு பொறுத்துக்கொள்ளப்படும். பெரும் பிசகு அப்படியல்ல.

மடிக்கணினியிலிருந்து இந்த விளக்கை இயக்க யுஎஸ்பி-சீரியல் சிப்பைப் பயன்படுத்தலாம். ஆனால் லினக்ஸ் தரும் வேகப் பட்டியலில் 230400 உண்டு, 500000 உண்டு; 250000 இல்லை. பக்கத்தில் இருக்கிறதே என்று 230400-ஐ வைத்தால் ஒரு பிட் 4.34 மைக்ரோ நொடியாக நீளும். வாங்கும் கருவி எட்டாவது பிட்டைப் படிக்க 34-ஆவது மைக்ரோ நொடியில் பார்க்கும்போது, ஏழாவது பிட்டே இன்னும் முடிந்திருக்காது. எண் தவறும், நிறமும் தவறும்.

பட்டியலின் வேர் பழைய கணினிகளில் இருக்கிறது. அவற்றின் சீரியல் போர்ட்டில் 1.8432 மெகாஹெர்ட்ஸ் படிகம். அதைப் பதினாறால் வகுத்தால் 115200. மேலும் பன்னிரண்டால் வகுத்தால் 9600. நமக்குப் பழகிப்போன வேகங்களெல்லாம் அந்தப் படிகத்தின் வகுத்தல் கணக்குகள்தாம். எஃப்டி232ஆர் போன்ற யுஎஸ்பி சிப்பின் கணக்கோ 30 லட்சத்தில் தொடங்குகிறது. பன்னிரண்டால் வகுத்தால் மிச்சமே இல்லாமல் 250000! சிப்பால் முடியும், கேட்கும் வழிதான் அடைபட்டிருந்தது.

முன்பு அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். செட்சீரியல் கட்டளையால் டிரைவரிடம் வகுஎண்ணை முன்கூட்டியே சொல்லிவைப்பது. அந்த டிரைவர் நுண்மைக்காக 2.4 கோடியை அடிப்படையாக வைத்திருப்பதால் வகுஎண் 96. பிறகு நிரல் 38400 என்று கேட்கும், டிரைவர் 250000-இல் ஓட்டும். பழைய நிரலைத் திருத்தவே வேண்டாம் என்பதால் எனக்கு அது பிடித்த வழி. இப்போது லினக்ஸின் டெர்மியோஸ்2 என்ற இடைமுகம் வழியே வேண்டிய எண்ணை நேராகவே கொடுக்கலாம்.

இதில் இன்னொரு விசித்திரம்: எல்லோரும் இயல்பானது என்று நினைக்கும் 115200-ஐ இந்தச் சிப்பால் சரியாகத் தர முடியாது. 30 லட்சத்தை 26-ஆல் வகுத்து 115385 என்று ஓடுகிறது. பிசகு நூற்றுக்கு 0.16, எதிர்முனை அதைக் கவனிப்பதே இல்லை.