கணக்கு வராத பிள்ளை



ஏழாம் வாய்ப்பாட்டை மாலையில் தடுமாறாமல் ஒப்புவித்த பிள்ளை, மறுநாள் காலையில் அதை மறந்து விழிக்கிறது. கதைப் புத்தகத்தைச் சரளமாக வாசிக்கும் அதே பிள்ளை, கடிகாரத்தில் மணி பார்க்கவும் கடையில் மீதிச் சில்லறையைச் சரிபார்க்கவும் திணறுகிறது. சோம்பேறி என்று அடிக்கிறோம். இன்னொரு டியூஷனுக்கும் அனுப்புகிறோம்.

இது 'டிஸ்கால்குலியா' எனப்படும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ 3 முதல் 7 பேருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகின்றனர். அறிவில் குறையில்லை, எண் குறிக்கும் அளவை உணர்வதில்தான் சிக்கல். மூன்று புளியங்கொட்டைகளைப் பார்த்ததும் நாம் எண்ணாமலே 'மூன்று' என்கிறோம். இப்பிள்ளைகளில் பலர் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவர். ஐந்தோடு இரண்டைக் கூட்டச் சொன்னால், ஐந்திலிருந்து தொடராமல் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவர். அடிக்குப் பயந்தால் இதுவும் குழம்பிவிடும்.

ஆகவே, விரல்விட்டு எண்ணுவதைத் தடுக்காதீர்கள். (பெரியவர்கள் நாமும் மறைவாக அதைச் செய்கிறோமே!) பல்லாங்குழி ஆடுங்கள். கையில் அள்ளிய சோழிகளின் வழியே புரிந்த கூட்டலைப் பிறகு தாளில் எழுதச் சொல்லுங்கள்.

கணக்கில் தடுமாறும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இக்குறைபாடு என்று முடிவுகட்டவும் வேண்டாம். பார்வைக் குறை, விட்டுப்போன பாடங்கள், ஆசிரியர்மீதுள்ள அச்சம் ஆகியவையும் காரணமாகலாம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்து, பின்னர் உளவியலாளரிடம் காட்டுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்கால்குலியாவையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்கலாம். அதற்காகப் பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காதீர்கள்.